சேலத்தில் தனித்தொழில் செய்பவர்கள் வேலைக்கு இடம் பார்க்கும்போது

வாடகைக்கு அறை பார்க்கப் போனால் முதல் கேள்வி வாடகை, அடுத்த கேள்வி அட்வான்ஸ், மூன்றாவது வண்டி நிறுத்த இடம். போகிற போக்கில்தான் "அமைதியா இருக்குங்களா?" என்று கேட்போம். "ஊசி விழுந்தா கேக்குமுங்க" என்று வீட்டுக்காரர் சொல்லிவிடுவார். அவர் பொய் சொல்லவில்லை. நீங்கள் போன நேரம் சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணி. அந்தத் தெருவில் அப்போது அமைதிதான்.

தனியாகத் தொழில் செய்பவருக்கு இடம் என்பது பாதித் தொழில். கம்பெனியில் இருப்பவருக்கு ஒரு நாள் வீணானாலும் சம்பளம் வந்துவிடும். கணக்கு எழுதுபவர், மொழிபெயர்ப்பவர், புடவைக்கு டிசைன் போடுபவர், ஆன்லைனில் பாடம் எடுப்பவர், வெளியூர்க் கம்பெனிக்கு புரோகிராம் எழுதுபவர் ஆகியோருக்கு ஓடாத மணி நேரத்துக்குக் காசு கிடையாது. ஆகவே வாடகையைப் பார்ப்பதற்கு முன்னால் உங்கள் வேலையைப் பார்க்க வேண்டும்.

ஒரு வாரம் ஒரு தாளில் குறித்து வையுங்கள். வாயால் செய்யும் வேலை எத்தனை மணி நேரம், வாயை மூடிக்கொண்டு செய்யும் வேலை எத்தனை மணி நேரம்? இரண்டுக்கும் வேண்டிய இடம் வேறு வேறு. ஆன்லைன் டியூஷன் எடுப்பவருக்குப் பின்னால் தறி ஓடினால் பிழைப்பு கெடும். மாணவன் காதில் அவர் குரலை விடத் தறிதான் பெரிதாக விழும். ஆனால் வாய் திறக்காமல் ஜிஎஸ்டி கணக்கு போடுபவர் அதே தறிச் சத்தத்தில் நாள் முழுக்க வேலை பார்க்க முடியும். அம்மாபேட்டையிலும் பொன்னம்மாப்பேட்டையிலும் கொண்டலாம்பட்டிப் பக்கமும் தறிக்கு அடுத்த வீட்டிலேயே பிள்ளைகள் படித்துப் பரீட்சை எழுதி மேலே வந்திருக்கிறார்கள். ஒரே சீராக ஓடும் சத்தத்தைக் கொஞ்ச நேரத்தில் மூளை ஒதுக்கிவிடும். விட்டு விட்டு வருவதை அப்படி ஒதுக்க முடிவதில்லை. கொலுசுப் பட்டறைத் தட்டல், பக்கத்து வீட்டு நாய், வெல்டிங் கடையில் இரும்பு அறுக்கும் சத்தம் எல்லாம் இந்த இரண்டாம் வகை.

எல்லாவற்றையும் விட மோசமானது புரியும் பேச்சு. சுவருக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் சன்னமான குரலில் சீட்டுக் கணக்குப் பேசினால் போதும், உங்கள் கை நின்றுவிடும். சத்தத்தின் அளவு இங்கே பொருட்டே இல்லை. பேசுவது உங்கள் மொழியில் இருக்கிறது, வார்த்தை காதில் தெளிவாக விழுகிறது, மூளை தானாக அர்த்தம் பிரிக்கப் போய்விடுகிறது. இடம் பார்க்கும்போது "எவ்வளவு சத்தம்" என்று கேட்பதை விட "என்ன சத்தம், எத்தனை மணிக்கு" என்று கேட்பதுதான் உருப்படியான கேள்வி.

எந்த நாளில் போய்ப் பார்ப்பது

ஒரு இடத்தை மூன்று வேளையில் பாருங்கள். உங்கள் தலைபாரமான வேலை எந்த நேரமோ அந்த நேரம் ஒன்று. பள்ளி விடும் நாலு, நாலரை மணி ஒன்று. இரவில் வேலை பார்ப்பவராக இருந்தால் ஒன்பது மணிக்கு மேல் ஒன்று. ஒவ்வொரு முறையும் கதவைச் சாத்திக்கொண்டு இருபது நிமிஷம் சும்மா உட்காருங்கள். வீட்டுக்காரரிடம் பேசிக்கொண்டே சுற்றிப் பார்த்தால் எதுவும் காதில் விழாது. செல்போனில் டெசிபெல் ஆப் போட்டுப் பார்க்கலாம். அது காட்டும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம், ஒரே போனில் இரண்டு இடத்தை ஒப்பிட மட்டும் பயன்படும். பத்து டெசிபெல் கூடினால் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகத் தெரியும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

போகும் நாளிலும் ஏமாற்றம் இருக்கிறது. மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளில் தறித் தெருவுக்குப் போனால் ஊரே தூங்குவது போல இருக்கும். கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் இருக்கும் வீட்டை ஆடி மாதம் பார்த்தால் மண்டபம் பூட்டிக் கிடக்கும். ஆவணி பிறந்ததும் முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் விடியற்காலை நாலு மணிக்கு நாதஸ்வரம், முந்தின இரவு ரிசப்ஷனுக்கு லைட் மியூசிக். கோயில் பக்கம் வீடு பார்த்தால் கணக்கு தலைகீழ். சேலத்தில் ஆடி என்றால் கோட்டை மாரியம்மன் கோயிலில் தொடங்கி ஊரில் உள்ள அத்தனை மாரியம்மன் கோயிலிலும் பண்டிகை. கம்பம் நட்டு, பொங்கல் வைத்து, ஊர்வலம் முடிகிற வரை ஸ்பீக்கர் கட்டியிருப்பார்கள். மார்கழியில் காலை ஐந்து மணிக்கே பாட்டு வரும். ஒலிபெருக்கியை இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை போடக் கூடாது, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபெல், இரவில் 45 டெசிபெல்தான் வரம்பு என்று 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. ஆனால் ஊர்ப் பண்டிகையோடு மல்லுக்கு நிற்க முடியாது, நிற்கவும் வேண்டாம். அந்தப் பத்துப் பதினைந்து நாளுக்கு மாற்று இடம் ஒன்றை முன்கூட்டியே யோசித்து வைப்பதுதான் சரி.

தெருமுனை டீக்கடைக்காரரிடம் ஒரு டீ குடித்துவிட்டுப் பேச்சுக் கொடுங்கள். கரண்ட் எப்போது போகும், தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு தடவை வரும், பக்கத்தில் பட்டறை எத்தனை மணி வரை ஓடும் என்று வீட்டுக்காரர் சொல்லாத எல்லாவற்றையும் அவர் சொல்லிவிடுவார்.

மெயின் ரோட்டை ஒட்டிய கட்டடம் வேண்டாம் என்றால் எவ்வளவு உள்ளே போக வேண்டும்? ரோடு ஒரு நீளமான சத்தம். தூரம் இரண்டு மடங்கானால் வெட்டவெளியில் மூன்று டெசிபெல்தான் குறையும். இடையில் ஒரு வரிசைக் கட்டடம் நின்றால் அதற்கும் மேலாகக் குறைந்துவிடும். ஓமலூர் ரோட்டிலோ சாரதா கல்லூரி ரோட்டிலோ முகப்புக் கட்டடத்தின் மூன்றாம் மாடியை விட, அதற்குப் பின் தெருவில் தரைத்தளம் நல்லது. ஐந்து ரோடு பக்கம் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். மாடி ஏற ஏறச் சத்தம் குறையும் என்ற கணக்கு 2020இல் திறந்த ஈரடுக்கு மேம்பாலத்தை ஒட்டிய கட்டடங்களில் செல்லாது. பாலத்து வண்டிகள் உங்கள் ஜன்னல் மட்டத்திலேயே ஓடும். வேகத்தடைக்கு எதிரில் இருக்கும் வீட்டையும் தவிர்த்துவிடுங்கள். பிரேக், கியர், ஆரன் என்று ஒவ்வொரு வண்டியும் மூன்று முறை சத்தம் போட்டுவிட்டுத்தான் போகும்.

வீட்டிலேயே ஒரு அறை

தனி இடத்துக்கு வாடகை கொடுக்கும் முன் வீட்டு அறையைச் சரி செய்ய முடியுமா என்று பார்த்துவிடுவது நல்லது. அந்த அறையில் மற்றவர்களுக்கு வேண்டிய பொருள் எதுவும் இருக்கக் கூடாது என்பது முதல் நிபந்தனை. துணி பீரோ, இஸ்திரிப் பெட்டி, சாமி படம், வீட்டு மருந்து டப்பா, எல்லாவற்றுக்கும் மேலாகத் தண்ணீர் மோட்டார் ஸ்விட்ச். மோட்டார் ஸ்விட்ச் உள்ள அறையில் உட்கார்ந்தால் தொட்டி நிரம்பி வழியும்போதெல்லாம் நீங்கள்தான் எழுந்து ஓட வேண்டும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த ஸ்விட்சை வெளியே மாற்றும் செலவு சின்னது, அதில் கிடைக்கும் நிம்மதி பெரிது.

இன்வெர்ட்டரும் அங்கே வேண்டாம். அது முனகும். டியூபுலர் பேட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளியேறும், மூடிய அறையில் அதை வைப்பது ஆபத்து. ஹாலில் டிவி மாட்டிய சுவரும் உங்கள் மேஜைச் சுவரும் ஒன்றாக இருக்கக் கூடாது. சமையலறைக்கு அடுத்த அறையானால் மிக்ஸி ஓடும் பத்து நிமிஷமும் போன் பேச முடியாது, ஆனால் அது பத்து நிமிஷம்தான். டிவி இரவு பத்து மணி வரை ஓடும்.

அடுத்து வீட்டு மனிதர்கள். "ஏன் கண்ணு, வூட்ல சும்மாத்தான இருக்க, கேஸ் வந்தா வாங்கி வெச்சிரு" என்று அம்மா சொல்வதில் எந்தத் தப்பும் இல்லை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவர் வேலை செய்கிறாரா, பொழுது போக்குகிறாரா என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. நாள் முழுக்க யாரும் கூப்பிடக் கூடாது என்று சொன்னால் எந்த வீட்டிலும் நடக்காது. காலை பத்து முதல் ஒரு மணி வரை என்று மூன்று மணி நேரத்தைக் கேளுங்கள். கதவு சாத்தியிருந்தால் நான் ஊரில் இல்லை என்று சொல்லுங்கள். ஒரு மணிக்குக் கதவைத் திறந்து வெளியே வந்து, கேஸ், பால் கணக்கு, பார்சல் எல்லாவற்றையும் அப்போது பார்த்துக் கொடுங்கள். சொன்ன நேரத்துக்கு நீங்கள் வெளியே வந்தால்தான் சொன்ன நேரம் வரை அவர்கள் பொறுப்பார்கள். பெரியவர்கள் கூப்பிட்டால் ஓடி வர ஒரு காலிங் பெல் வைத்துவிட்டால் அவர்களுக்கும் பயம் இருக்காது.

மூன்று மணி நேரம் போதுமா என்று தோன்றும். ஒரு வேலையைப் பாதியில் விட்டு இன்னொன்றுக்குப் போனால் மனத்தில் ஒரு பங்கு முந்தின வேலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும், அடுத்த வேலை அதனால் கெடும் என்று 2009இல் சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் சோதனைகள் மூலம் எழுதினார். கேஸ்காரருக்குக் கதவு திறக்க இரண்டு நிமிஷம்தான் ஆகும். ஆனால் பாதியில் நிற்கும் கணக்கு அதற்குப் பிறகும் நேராகாது. உடையாத மூன்று மணி நேரம் உடைந்த ஏழு மணி நேரத்துக்குச் சமம் என்பதே என் மதிப்பு.

மொட்டை மாடியில் ஒற்றை அறை இருந்து, படிக்கட்டு வெளியே தனியாக இருந்தால் அதைத்தான் முதலில் எடுக்கச் சொல்வேன். வாடிக்கையாளர் வந்தாலும் வீட்டுக்குள் வர வேண்டியதில்லை, நீங்களும் "வேலைக்குப் போகிறேன்" என்று படியேறலாம். சிக்கல் வெயில்தான். சேலத்தில் ஏப்ரல், மே மாதங்களில் 40 டிகிரியை ஒட்டிப் போகும். கான்கிரீட் தளம் பகலெல்லாம் குடித்த சூட்டைச் சாயங்காலம் கக்கும். மத்தியானத்தை விட ஆறு மணிக்குத்தான் உள்ளே புழுங்கும். தளத்துக்கு மேலே வெள்ளை கூல் ரூஃப் பெயிண்ட் இரண்டு கோட், மேற்குச் சுவருக்கு வெளியே மூங்கில் தட்டியோ பச்சை வலையோ சுவரிலிருந்து அரை அடி தள்ளி. தட்டியை உள்ளே மாட்டினால் பயன் கம்மி, சூடு அதற்குள் கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்டிருக்கும். தகர ஷீட்டு, ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட அறையில் ஃபால்ஸ் சீலிங் இல்லாமல் மே மாதம் உட்கார முடியாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தகரத்தின் மேல் விழும் சத்தத்தில் போனும் பேச முடியாது.

ஏசி போடுவதானால் நூறு சதுர அடிக்கு ஒரு டன் போதும் என்பது நடுத்தளத்துக்கான கணக்கு. மேலே வெயில் அடிக்கும் அறைக்கு ஒன்றரை டன் பாருங்கள். வீட்டு இணைப்பில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கூடுதல் யூனிட்டுக்கு மட்டுமில்லாமல் கீழ் அடுக்கில் உள்ள யூனிட்டுகளுக்கும் கட்டணம் ஏறும். தினம் எட்டு மணி நேரம் ஓடும் ஏசி அந்த எல்லைக்கு உங்களை எளிதாகக் கொண்டுபோய்விடும். ரீடிங் எடுத்த தேதியைக் குறித்து வைத்துக்கொண்டு, நாற்பதாவது நாள் மீட்டரை ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

ஸ்பிலிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவராது. பத்துக்குப் பத்து அறை, பத்தடி உயரம் என்றால் சுமார் 28 கன மீட்டர் காற்று. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் மணிக்குச் சுமார் 18 லிட்டர் கரியமில வாயுவை வெளியே விடுகிறார். அறை முழுக்க அடைத்திருந்தால் ஒரு மணி நேரத்திலேயே அது 1,000 பிபிஎம், அதாவது காற்றின் பத்து லட்சம் பங்கில் ஆயிரம் பங்கு, தாண்டிவிடும். மத்தியானம் வரும் தூக்கத்துக்குச் சாப்பாட்டை மட்டும் குறை சொல்ல வேண்டாம். ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை ஐந்து நிமிஷம் கதவையும் ஜன்னலையும் எதிரும் புதிருமாகத் திறந்து விட்டால் தலை தெளியும்.

சத்தம் வரும் ஓட்டை

ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் சுமார் 50 டெசிபெல் வரை தடுக்கும். சாதாரண ஒற்றைக் கண்ணாடி ஜன்னல் அதில் பாதியைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். கதவடியில் அரை அங்குல இடைவெளி இருந்தால் சுவரின் கனமெல்லாம் வீண். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு உள்ளே நில்லுங்கள், வெளியிலிருந்து ஒருவரைச் செல்போன் டார்ச்சை அடித்துக் கதவைச் சுற்றி மெதுவாக நகர்த்தச் சொல்லுங்கள். எங்கெல்லாம் வெளிச்சம் கீற்றாக வருகிறதோ அங்கெல்லாம் பேச்சும் வருகிறது. வழக்கமாக மூன்று இடம் சிக்கும்: கதவின் அடி, தாழ்ப்பாள் பக்க விளிம்பு, ஜன்னலுக்கு மேலே இருக்கும் வென்டிலேட்டர்.

கதவடிக்கு ஹார்டுவேர் கடையில் ரப்பர் பட்டை கிடைக்கும். மூன்றடி நீளத்துக்கு வாங்கி, தரையை லேசாகத் தொடும்படி திருகி வையுங்கள். அழுத்தமாக வைத்தால் இரண்டு மாதத்தில் தேய்ந்து கிழியும். நிலைச் சட்டத்தில் ஃபோம் டேப் ஒட்டும்போது கதவு சாத்துகிறதா என்று ஒவ்வொரு பக்கமாக ஒட்டிப் பாருங்கள், நான்கு பக்கமும் ஒரே நேரத்தில் ஒட்டிவிட்டுத் தாழ்ப்பாள் விழாமல் திண்டாடுவது வழக்கம். செவ்வாய்ப்பேட்டை, குகைப் பக்கத்துப் பழைய வீடுகளில் சிமென்ட் ஜாலி வைத்த வென்டிலேட்டர் இருக்கும். தெருப் பக்கம் உள்ளதை ஆறு மில்லி கண்ணாடி வைத்து சிலிக்கானால் அடைத்துவிடலாம். பின்பக்கம் உள்ளதைத் திறந்தே விடுங்கள். காற்றுக்கு அது வேண்டும்.

முட்டை அட்டையும் கறுப்பு ஸ்பாஞ்சும் சுவரில் ஒட்டினால் வெளிச் சத்தம் நிற்கும் என்று நம்பிப் பணம் போடுகிறார்கள். நிற்காது. அவை அறைக்குள் உங்கள் குரல் எதிரொலிப்பதைத்தான் குறைக்கும். போனில் பேசுபவருக்கு அதுவும் தேவைதான், ஆனால் அதற்கு ஸ்பாஞ்ச் வேண்டாம். உங்கள் முதுகுக்குப் பின் சுவரில் கனமான திரையோ ஒரு பவானி ஜமுக்காளமோ தொங்கட்டும், பக்கச் சுவரில் புத்தக அலமாரி, தரையில் பாய். வெற்று டைல்ஸ் தரையும் வெற்றுச் சுவருமாக இருக்கும் புது வீட்டு அறையில் கைதட்டிப் பாருங்கள், "டங்" என்று நீளும். அது அடங்கும் வரை துணி சேருங்கள்.

இதற்கு மேலும் பக்கத்து அறைப் பேச்சு கேட்டால் பேச்சை மறைக்க வேண்டும். கதவுக்கும் உங்களுக்கும் இடையில் ஒரு டேபிள் ஃபேனை ஓட விடுங்கள். அதன் சீரான இரைச்சலில் வார்த்தைகள் பிரியாமல் கலைந்துபோகும். போன் பேசும்போது மட்டும் அதை நிறுத்திவிட்டு, மைக் நீட்டிய ஹெட்செட்டை வாயோரம் இரண்டு விரல் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் பாதியானால் உங்கள் குரல் ஆறு டெசிபெல் ஏறும். லேப்டாப் மைக்கை நம்பித் தறித் தெருவில் கிளாஸ் எடுக்க முடியாது.

கரண்டும் நெட்டும்

மாதாந்திரப் பராமரிப்பு என்றால் காலை ஒன்பது மணிக்குப் போகும் கரண்ட் சாயங்காலம் வரை வராமலும் இருக்கும். முந்தின நாள் பேப்பரில் பகுதிப் பெயர் வரும். லேப்டாப் 60 வாட், ஒரு மானிட்டர் 25, ரவுட்டர் 15, பிஎல்டிசி ஃபேன் (கரண்ட் கம்மியாகத் தின்னும் புது வகை) 30, எல்இடி விளக்கு 20 என்று கூட்டினால் 150 வாட். 150 ஏஹெச் டியூபுலர் பேட்டரியில் எழுத்துக் கணக்கில் 1,800 வாட்-மணி; அதில் இழப்பு போக ஆயிரத்துச் சொச்சம்தான் கைக்கு வரும். ஏழு மணி நேரம் ஓடும், எட்டாவது மணி நிச்சயமில்லை. பழைய சீலிங் ஃபேன் 75 வாட் தின்னும், அதை வைத்துக்கொண்டால் ஐந்தரை மணி நேரத்திலேயே பேட்டரி இறங்கிவிடும். பேட்டரிக்கு மூன்றாண்டு ஆகியிருந்தால் இதில் முக்கால்தான் நம்பலாம்.

இன்வெர்ட்டர் வாங்கும்போது சைன் வேவ் கேளுங்கள். ஸ்கொயர் வேவ் மலிவு, ஆனால் ஃபேன் "ம்ம்ம்" என்று முனகும், அது மைக்கிலும் விழும். பின்னால் ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும், அதை யுபிஎஸ் பக்கம் வையுங்கள். நார்மல் பக்கம் இருந்தால் கரண்ட் மாறும் கண நேரத்தில் டெஸ்க்டாப்பும் ரவுட்டரும் அணைந்து மறுபடி எழும். ரவுட்டர் எழுந்து நெட் வர இரண்டு மூன்று நிமிஷம், அதற்குள் மீட்டிங்கில் உங்கள் பெயர் காணாமல் போயிருக்கும்.

நெட் இணைப்பில் வேகத்தை விட ஒரு கேள்வி முக்கியம்: ஏரியாவில் கரண்ட் போனால் லைன் நிற்குமா? ஃபைபர் நேராக உங்கள் வீட்டுக்குள் ஓஎன்டி (ஃபைபர் வந்து சேரும் சின்னப் பெட்டி) வரை வந்தால், நடுவில் கரண்ட் தேவைப்படும் கருவி பொதுவாக இருக்காது. ஆபரேட்டர் அலுவலகத்தில் பேட்டரி இருந்தால் லைன் நிற்காது. அதுவே தெரு வரை ஃபைபர், அங்கிருந்து லேன் ஒயர் என்றால், கம்பத்திலோ யாரோ ஒருவர் மாடியிலோ ஒரு ஸ்விட்ச் பெட்டி இருக்கும். அங்கே கரண்ட் போனால் உங்கள் இன்வெர்ட்டர் ஓடியும் பிரயோஜனமில்லை. லைன்மேன் வரும்போது ஆப்டிகல் பவர், அதாவது ஃபைபரில் வந்து சேரும் ஒளியின் பலம், எவ்வளவு என்று கேட்டு எழுதி வையுங்கள். மைனஸ் 15 முதல் மைனஸ் 25 டிபிஎம் வரை நலம். மைனஸ் 27ஐத் தொட்டால் மழை நாளில் லைன் விட்டு விட்டு வரும். ஸ்பீட் டெஸ்ட்டைக் காலை பதினொரு மணிக்கும் இரவு ஒன்பது மணிக்கும் எடுத்து, அப்லோடு எண்ணைப் பாருங்கள். வீடியோ காலில் உங்கள் முகம் உறைந்து நிற்பது பெரும்பாலும் அப்லோடால்தான். வேறு கம்பெனி சிம் ஒன்று ஹாட்ஸ்பாட்டுக்குத் தயாராக இருக்கட்டும்.

மேஜையை ஜன்னலுக்கு எதிரேயும் போட வேண்டாம், ஜன்னலுக்கு முதுகு காட்டியும் போட வேண்டாம். ஜன்னல் பக்கவாட்டில் இருந்தால் திரையில் கண் கூசாது. வடக்கு ஜன்னல் நாள் முழுக்க ஒரே வெளிச்சம் தரும். இரவுக்கு இரண்டு 20 வாட் டியூப்லைட் போட்டாலும் மேஜையில் 200 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவுதான் விழும். தாள் பார்த்து வேலை செய்ய 500 வேண்டும், அதனால் ஒரு டேபிள் லேம்ப் கட்டாயம். காசு குறைவென்றால் மேஜையில் மிச்சம் பிடியுங்கள், நாற்காலியில் பிடிக்காதீர்கள்.

கோ-ஒர்க்கிங், நூலகம், கடை மாடி

ஃபேர்லேண்ட்ஸ், அழகாபுரம், ஐந்து ரோடு பகுதிகளில் மேஜை வாடகைக்குக் கிடைக்கும் இடங்கள் வந்துவிட்டன. ஜெனரேட்டர், நெட், ஏசி என்ற மூன்று தலைவலியும் அங்கே உங்களுடையதல்ல. ஆனால் திறந்த ஹாலில் மேஜை எடுத்தால் புரியும் பேச்சு நாள் முழுக்கச் சுற்றி ஓடும். பக்கத்து மேஜையில் லோன் விற்கும் டீம் இருந்தால் அதோடு முடிந்தது. நாள் பாஸ் எடுத்து ஒரு திங்கட்கிழமை காலை போய்ப் பாருங்கள். போன் பேசும் கூண்டு எத்தனை, அதில் காற்று வருகிறதா, எத்தனை நிமிஷம் காத்திருக்கிறார்கள் என்று கவனியுங்கள். மாதத்தில் பத்து நாள் மட்டும் அங்கே போய், மீதி வீட்டில் என்ற கலவை பலருக்குப் பொருந்தும்.

நூலகம் வாய் திறக்காத வேலைக்கு மிக நல்ல இடம். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் காலையிலேயே இடம் பிடித்துவிடுவார்கள், ப்ளக் பாயின்ட் பக்க இருக்கை கிடைப்பது அரிது. லேப்டாப்பை முழு சார்ஜில் கொண்டு போங்கள்.

கடைக்கு மேல் மாடி குறைந்த வாடகைக்கு வரும். கீழே என்ன கடை என்பதே முடிவு. மருந்துக்கடை, ஸ்டேஷனரி, பாத்திரக்கடை பரவாயில்லை. புரோட்டாக் கடை என்றால் சாயங்காலம் ஐந்து மணிக்குக் கொத்து தொடங்கும், புகையும் மேலே ஏறும். டாஸ்மாக் இருக்கும் தெருவில் மத்தியானத்துக்கு மேல் வாடிக்கையாளரை வரச் சொல்ல முடியாது.

ஏற்காட்டில் உட்கார்ந்தால்?

மலை மேல் போய்விட்டால் எல்லாம் சரியாகும் என்ற ஆசை இந்த ஊரில் எல்லோருக்கும் உண்டு. அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் காற்றே வேறு. எழுதும் வேலை, டிசைன் வேலை போன்றவற்றுக்கு வார நாட்களில் நாலைந்து நாள் மேலே தங்கிச் செய்வது மிகவும் நல்லது, அதை மனதாரச் சொல்கிறேன். நிரந்தர இடமாகக் கொள்ளும் முன் சிலவற்றைப் பார்க்க வேண்டும். காப்பித் தோட்டத்துச் சில்வர் ஓக் மரம் ஒன்று காற்றில் சாய்ந்தால் கரண்டும் கேபிளும் ஒன்றாகப் போகும், ஆள் வந்து சேர நேரமாகும். செல்போன் சிக்னல் ஒரு மடிப்பில் நாலு கட்டம், அடுத்த வளைவில் ஒன்றுமில்லை; அறையை முடிவு செய்யும் முன் இரண்டு கம்பெனி சிம்மையும் அந்த மேஜையிலேயே வைத்துப் பாருங்கள், வாசலில் வைத்துப் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். சனி, ஞாயிறும் மே மாதக் கோடை விழா நாட்களும் வண்டி நெரிசலில் ஏரியைச் சுற்றி வேலை நடக்காது. ஏரியை விட்டு நாகலூர்ப் பக்கம் தள்ளிப் போனால் கூட்டம் குறையும், சிக்னலும் குறையலாம். மழைக்காலத்தில் மண் சரிந்து அடிவாரம் ரோடு மூடப்பட்டால் குப்பனூர் வழிதான். வாடிக்கையாளரை நேரில் பார்க்கும் நாளை அந்த மாதங்களில் மேலே இருக்கும்போது வைக்காதீர்கள். பனிமூட்டத்தின் ஈரத்தில் தாள் நமத்துப் பிரிண்டரில் சிக்கும், கேமரா லென்ஸிலும் தோல் பையிலும் பூசணம் பூக்கும். தாளை மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பையோடு வைத்தால் தப்பிக்கலாம்.

கையெழுத்துப் போடும் முன்

ஒப்பந்தத்தில் என்ன பயன்பாடு என்று தெளிவாக எழுதச் சொல்லுங்கள். குடியிருப்பு என்று எழுதிவிட்டு அலுவலகமாக நடத்தினால் பின்னால் மின் கட்டண வகையில் தகராறு வரும். அலுவலகத்துக்கு வணிகக் கட்டணம். யூனிட் விலை கூடுதல், இலவச யூனிட் கிடையாது. தனி மீட்டர் இருக்கிறதா, வீட்டுக்காரர் வைத்த சப்-மீட்டரா என்று பாருங்கள். சப்-மீட்டர் என்றால் யூனிட்டுக்கு எத்தனை ரூபாய் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

ஜிஎஸ்டி பதிவுக்கு இந்த முகவரியைக் கொடுப்பதானால் வாடகை ஒப்பந்தத்தோடு வீட்டுக்காரர் பெயரிலுள்ள மின் கட்டண ரசீதோ சொத்து வரி ரசீதோ வேண்டும். அட்வான்ஸ் கொடுத்த பிறகு கேட்டால் "எதுக்குங்க வம்பு" என்று தயங்குவார்கள். அட்வான்ஸுக்கு முன் கேட்டு, போனில் போட்டோ எடுத்துக்கொண்டு விடுங்கள். சொந்த வீட்டிலேயே, அப்பா பெயரில் உள்ள வீட்டில் தொழில் நடத்துவதானால் வாடகை ஒப்பந்தத்துக்குப் பதில் அவரிடம் ஒரு சம்மதக் கடிதம் போதும், ரசீது அப்போதும் வேண்டும்.

அட்வான்ஸாகப் பத்து மாதம் கேட்பது இங்கே பழக்கம். தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் முன்பணத்துக்கு வைத்திருக்கும் பொது வரம்பு மூன்று மாத வாடகைதான். சட்டத்தைச் சொல்லிச் சண்டை போட்டால் வீடு கிடைக்காது என்பது தெரிந்ததுதான். ஆனால் பேரத்தில் பத்தை ஐந்தாக்க அது கைகொடுக்கும். வரவில் பாதியை லாபமாகக் காட்டும் உத்தேச வரி முறையில் இருப்பவர்கள் வாடகையைத் தனிச் செலவாகக் கழிக்க முடியாது என்பதையும் கணக்கில் வையுங்கள். உங்களுக்கு அந்த வாடகை முழுக்கக் கைக்காசு.

காலி செய்ய எத்தனை நாள் முன்னறிவிப்பு என்ற வரியில் ஒரு மாதம் என்று எழுதச் சொல்லுங்கள், மூன்று மாதத்துக்கு ஒப்புக்கொள்ள வேண்டாம். கூடவே, கதவடி ரப்பர், வென்டிலேட்டர் கண்ணாடி, தட்டி போன்றவற்றை நீங்கள் மாட்டலாம், காலி செய்யும்போது கழற்றி எடுத்துப் போகலாம் என்றும் ஒரு வரி சேருங்கள். சுவரில் ஆணி அடித்ததற்கு அட்வான்ஸில் பிடிப்பவர்கள் உண்டு. சாவி வாங்கும் அன்றே நான்கு சுவரையும் தேதியோடு வீடியோ எடுத்து வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.